மெதுவான லிங்க், நிறைய கிளைகள், மாதாமாதம் அப்டேட்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் வெளியிடும். 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம், அதனால் திடீரென்று வந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் புதன் அல்லது வியாழன் காலையில் ஏதாவது ஒரு கிளையிலிருந்து "நெட் சுத்தமா போயிடுச்சு சார்" என்று போன் வந்துவிடும். நெட் எங்கேயும் போகவில்லை. அங்கே இருக்கும் முப்பது கணினியும் ஒரே ஃபைலைத் தனித்தனியாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, லிங்க்கை (கிளைக்கு வரும் நெட் இணைப்பை) பெரிதாக்குங்கள் என்பதுதான். பெரிதாக்க வேண்டிய இடங்களும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் லிங்க்கின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரே ஃபைல் அதன் வழியாக எத்தனை தடவை போகிறது என்று பாருங்கள்.

கணக்கு ரொம்ப எளிது. கிளைக்கு 4 எம்பிபிஎஸ் லிங்க், அந்த மாத அப்டேட் 600 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை எம்பிதான் (பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு "நொடிக்கு நாலு எம்பி வருமே" என்று வாதாடுபவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார்). முப்பது கணினிக்கு 18 ஜிபி ஆகிறது. லிங்க்கில் வேறு எந்த வேலையும் நடக்காமல் இருந்தாலே பத்து மணி நேரம் பிடிக்கும். அதே ஃபைல் ஒரே ஒரு தடவை வந்தால் இருபது நிமிடம். லிங்க்கை இரண்டு மடங்காக்கினால் பத்து மணி ஐந்து மணியாகும், அவ்வளவுதான். ஒரு கிளைக்கு ஒரு பிரதி மட்டும் போகிற மாதிரி செய்துவிட்டால் வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது, அதுவும் கூடுதல் செலவில்லாமல். நான் செய்கிற எல்லா வேலையும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன், கிளைக்கு வரும் அப்டேட் எந்த வழியாக வருகிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். பல இடங்களில் கிளைக்குச் சொந்தமாக ஒரு பிராட்பேண்ட் இருக்கும், ஆனால் பாதுகாப்பு காரணம் என்று சொல்லி எல்லா டிராஃபிக்கையும் விபிஎன் (இணையத்துக்குள்ளேயே போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாகத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து இணையத்துக்கு விட்டிருப்பார்கள். அப்போது ஒரு கிளைக் கணினி இழுக்கும் ஒவ்வொரு எம்பியும் தலைமை அலுவலகத்தின் லிங்க்கில் ஒரு தடவை உள்ளே வந்து, இன்னொரு தடவை வெளியே போகிறது. பத்து கிளை இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து விபிஎன்னில் வந்தபோது இதே பிரச்சினை பெரிய அளவில் வெடித்தது. நம்பகமான சில டிராஃபிக்கை விபிஎன்னுக்கு வெளியே நேராக விடச் சொல்லி மைக்ரோசாஃப்டே அப்போது வழிகாட்டியது. அப்டேட் ஃபைல்கள் டிஜிட்டல் கையெழுத்துடன் வருபவை, கணினி அதைச் சரிபார்த்துத்தான் நிறுவும். அவற்றைத் தலைமை அலுவலகம் வரை சுற்றவிட்டுக் கொண்டுவருவதில் எனக்குத் தெரிந்து பெரிய பாதுகாப்பு லாபம் எதுவும் இல்லை. பாதுகாப்புக் குழுவிடம் இதைப் பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் மொத்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்பது வேறு விஷயம்.

சரி, ஒரு பிரதி மட்டும் வரவைப்பது எப்படி? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒரு கணினி இழுத்த துண்டுகளைப் பக்கத்துக் கணினிகள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) வைத்துச் சரிபார்க்கப்படுவதால், நடுவில் யாராவது கெட்டுப்போன ஃபைலைத் திணித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல கிளைகள் உள்ள அலுவலகத்தில் இதை அப்படியே விட்டுவைத்தால் உதவுவதற்குப் பதில் உபத்திரவம் ஆகலாம், அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதில் டவுன்லோட் மோடு என்று ஒரு அமைப்பு உண்டு. அலுவலகப் பதிப்புகளில் வழக்கமாக அது 1, அதாவது ஒரே லேனில் (ஒரே இடத்து உள் நெட்வொர்க்கில்) உள்ளவர்களோடு மட்டும் பகிர். "ஒரே லேன்" என்று அது முடிவு செய்வது எதை வைத்து? விண்டோஸ் 10-ல் வழக்கமாக, இணையத்துக்கு வெளியே தெரியும் ஐபி முகவரியை வைத்து (விண்டோஸ் 11 வழக்கமாகவே உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டும் தேடும்). ஒரே பொது ஐபியிலிருந்து வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. இப்போது மேலே சொன்ன விபிஎன் கதையை நினைத்துப் பாருங்கள். எல்லாக் கிளைகளும் தலைமை அலுவலகம் வழியாக, ஒரே பொது ஐபியில்தான் வெளியே போகின்றன. ஆக, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளைக் கணினியும் உங்கள் மேஜையில் இருக்கும் கணினியும் அதன் கண்ணுக்கு அக்கம்பக்கத்து வீடுதான். ஒரு கிளை இன்னொரு கிளையிடம் துண்டு கேட்கும், அது அந்தக் கிளையின் அப்லோடையும் சேர்த்துத் தின்னும். அப்லோடு பக்கம் பொதுவாகவே மெலிசு என்பதால் ஒரு லிங்க்குக்குப் பதிலாக இரண்டு லிங்க் படுத்துவிடும்.

இதற்கு மோடு 2 வைக்க வேண்டும். குழு அடையாள எண் ஒன்றைக் கிளைவாரியாகக் கொடுத்துவிட்டால் அந்தக் குழுவுக்குள் மட்டுமே பகிர்வு நடக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் பதிந்துவைக்கும் விண்டோஸ் சேவையில்) சைட்டுகள், அதாவது இடவாரியான பிரிவுகள், ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தால் அதையே குழுவாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் அந்த "ஒழுங்காக" என்ற சொல்லில் நிறைய அடங்கியிருக்கிறது. புதுக் கிளை திறந்தபோது யாரும் அதன் சப்நெட்டை (அந்தக் கிளையின் ஐபி முகவரித் தொகுதியை) சேர்க்காமல் விட்டிருப்பார்கள், அந்தக் கிளை முழுவதும் வேறு ஏதோ ஒரு சைட்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே சப்நெட்டில் உள்ளவர்களோடு மட்டும் பகிர் என்று கட்டுப்படுத்தும் வழியும் உண்டு. ஒரு கிளைக்கு ஒரு சப்நெட் என்றால் எனக்கு அதுதான் பிடிக்கும், அதில் கெடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை.

இன்னொரு அமைப்பைப் பலர் கவனிப்பதே இல்லை: பின்னணி டவுன்லோடில் இணையத்துக்குப் போவதற்கு முன் இவ்வளவு நேரம் பக்கத்துக் கணினிகளிடம் தேடு என்று சொல்லும் தாமதம். இது இல்லாவிட்டால் காலையில் எல்லாக் கணினியும் ஒன்றாக ஆன் ஆகும்போது யாரிடமும் இன்னும் ஒரு துண்டுகூட இருக்காது, எனவே எல்லோரும் நேராக இணையத்துக்கே ஓடுவார்கள், பகிர்வு என்பது பேருக்கு மட்டும் இருக்கும். தாமதத்தை வைத்துவிட்டு, கிளையில் ஒன்றிரண்டு கணினிக்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள். அவை முதலில் இழுத்து வைக்கும், மற்றவை அவற்றிடம் வாங்கிக்கொள்ளும். அந்த ஒன்றிரண்டும் மடிக்கணினியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இழுத்ததைக் கேஷில் (தற்காலிகக் கிடங்கில்) வைத்திருக்கும் காலமும் முக்கியம். வழக்கமாக மூன்று நாள்தான். விடுப்பிலிருந்து திங்கட்கிழமை வருபவருக்குப் பக்கத்தில் யாரிடமும் ஃபைல் இருக்காது. நான் அதை இரண்டு வாரம் வரை நீட்டிவிடுவேன், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

எல்லாம் சரியாக வைத்தும் பகிர்வு நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி, டிராஃபிக்கை வடிகட்டும் ஃபயர்வால்தான். கணினிகள் தங்களுக்குள் பேசுவது டிசிபி 7680 போர்ட்டில், அது திறந்திருக்க வேண்டும். வைஃபையில் இணைந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவிடாத தனிமைப்படுத்தல் போடப்பட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது. அப்புறம், எந்தக் கணினியிடம் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையை அணுக வேண்டும், அதைத் தடுத்தால் பக்கத்தில் இருப்பவரையே கண்டுபிடிக்காது. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் எச்டிடிபி ரேஞ்ச் கோரிக்கைகளை ஒத்துக்கொள்ளாத பிராக்ஸி (கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர்). அப்டேட் டவுன்லோடெல்லாம் துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. அதை மறுத்தால், அறுந்து அறுந்து வரும் லிங்க்கில் அப்டேட் எத்தனை தடவை தொடங்கினாலும் முடியவே முடியாது. டவுன்லோட் எண்பது சதவீதத்தில் நின்று மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் வேறு எங்கும் தேடாமல் முதலில் பிராக்ஸியைப் பாருங்கள். எவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு இணையத்திலிருந்து வந்தது என்று காட்டும் கட்டளை விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லிலேயே இருக்கிறது, அதைச் சில கணினிகளில் ஓட்டிப் பார்க்காமல் "செட் பண்ணியாச்சு" என்று சொல்லாதீர்கள்.

கிளைக்கு ஒரு சர்வர் வைக்கலாமா என்று கேட்பார்கள். அப்டேட்டை ஒரு தடவை வாங்கி வைத்து உள்ளே கொடுக்கும் மைக்ரோசாஃப்டின் சர்வர் மென்பொருளான டபிள்யூசஸ் 2005-லிருந்து இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் ஒன்று, கிளைகளில் அதைப் பின்பற்றும் ரெப்ளிகாக்கள் என்று கட்டிவைத்தால் ஒரு கிளைக்கு ஒரு பிரதி என்பது இயல்பாகவே நடந்துவிடும். கிளையில் சொந்த இணையம் இருந்தால் ஒப்புதல் மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து வாங்கி, ஃபைலை மைக்ரோசாஃப்டிடமிருந்து நேராக எடுத்துக்கொள்ளவும் வைக்கலாம், பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு டபிள்யூசஸ் என்பது ஒவ்வொரு கிளையிலும் ஒரு டேட்டாபேஸ், ஒரு நிரம்பி வழியும் டிஸ்க், பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒரு சர்வர். தேவையில்லாத மொழிகளையும் டிரைவர்களையும் டிக் செய்து வைத்துவிட்டு லிங்க் மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இதற்கு இனிமேல் புது வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது; ஓடுகிறது, விண்டோஸ் சர்வர் 2025-லும் இருக்கிறது, ஆனால் புதிதாக இருபது கிளைக்கு இதைக் கட்ட நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே நன்றாக ஓடினால் அவசரப்பட்டுப் பிடுங்கவும் சொல்லமாட்டேன். கிளவுட் வழி நிர்வாகத்துக்குப் போனால் ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இணையத்துக்குப் போகும், ஆகவே மேலே சொன்ன பகிர்வு அங்கே இன்னும் அவசியமாகிறது. பெரிய கிளைகளில் கனெக்டட் கேஷ் என்ற ஒன்றை ஒரு கணினியில் நிறுவி அதையே பொதுக் கிடங்காக்கலாம்.

அடுத்தது வேகத்தடை. பிட்ஸ் என்ற பின்னணி டவுன்லோட் சேவை, சும்மா இருக்கும் பேண்ட்வித்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் பார்ப்பது அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதை. ஒரு ஜிகாபிட் கார்டு எப்போதும் சும்மாதான் இருக்கும்; வெளியே 4 எம்பிபிஎஸ் லிங்க் மூச்சுத் திணறுவது அதற்குத் தெரியாது. அதனால் க்ரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை வைக்கும் வசதியில்) வேலை நேரத்துக்கு ஒரு அளவு, மற்ற நேரத்துக்கு ஒரு அளவு என்று எண்ணாகவே கொடுத்துவிடுவது நல்லது. சதவீதத்தில் கொடுப்பதை நான் நம்புவதில்லை, எதில் சதவீதம் என்ற கேள்வி வந்துவிடும்.

ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்த டிராஃபிக் முதலில் போகவேண்டும் என்ற முன்னுரிமை) போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டவுன்லோட் என்பது கிளைக்குள் வரும் டிராஃபிக், அதற்கான வரிசை சேருவது லிங்க்கின் அந்தப் பக்கத்தில். கிளை ரவுட்டரில் என்னதான் முன்னுரிமை எழுதினாலும் பாக்கெட் ஏற்கெனவே லிங்க்கைக் கடந்து வந்துவிட்டது. அப்டேட் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறதென்றால், அங்கிருந்து வெளியேறும் இடத்திலேயே அந்தக் கிளையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டுப்படுத்தி, அப்டேட்டைக் கடைசி முன்னுரிமையில் வையுங்கள். குரல் அழைப்பு உடைந்து உடைந்து வருவதாகப் புகார் வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். அனுப்புவது விண்டோஸ் சர்வர் 2019 என்றால் லெட்பாட் என்ற முறையும் அதில் உண்டு. 2012-ல் ஆர்எஃப்சி 6817 ஆக வெளியான இதன் யோசனை அழகானது: தாமதம் கூட ஆரம்பித்தாலே நெரிசல் என்று புரிந்துகொண்டு, மற்றவர்களுக்கு வழிவிட்டுத் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

ராத்திரியில் இழுக்கவைத்தால் போதுமே என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நல்ல யோசனைதான், கணினி ஆனில் இருந்தால். போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள் என்று நிர்வாகமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கும். லேன் வழியாக எழுப்பலாம் என்றால் அந்த எழுப்பும் பாக்கெட் பிராட்காஸ்ட், சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டாது. தலைமை அலுவலகத்திலிருந்து எழுப்ப முயல்வதைவிட, கிளையில் எப்போதும் ஓடும் ஒரு கணினியைக் கொண்டு மற்றவற்றை எழுப்புவது எளிது. முன்னே சொன்ன அந்த ஒன்றிரண்டு கணினிகள் இதற்கும் உதவும்.

டவுன்லோடையும் நிறுவுவதையும் ஒரே வேலையாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம். ஃபைல் நாலு நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நிறுவும் நாளை மட்டும் கெடுவாக வைத்து, ரீஸ்டார்ட்டை அதோடு கட்டிவிடுங்கள். இப்படிப் பிரித்துவிட்டால் "லிங்க் மெதுவாக இருக்கிறது, அதனால் இந்த மாதம் அப்டேட் வேண்டாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பேச்சு ஆபத்தானது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை 2017 மே 12-ல் பரவியபோது அது பயன்படுத்திய ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவகாசம் இருந்தது, எவ்வளவு மெலிசான லிங்க்காக இருந்தாலும் அதற்குள் ஒரு பேட்ச் வந்து சேர்ந்திருக்கும்.

அதற்காக வந்தவுடனே எல்லாக் கிளைக்கும் தள்ளிவிடவும் கூடாது. 2024 ஜூலை 19-ல் க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது, இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. பல இடங்களில் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை அழிக்கவேண்டி வந்தது. ஐடி ஆளே இல்லாத கிளைகளில் இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிறையப் பேர் "எங்களிடம் ஒரு பதிப்பு தள்ளித்தான் நிறுவும் கொள்கை இருக்கிறதே" என்று நினைத்திருந்தார்கள், ஆனால் அந்தக் கோப்பு அந்தக் கொள்கைக்குக் கட்டுப்படாத வகை. உங்கள் ஒப்புதலைக் கேட்காமல் தானாக அப்டேட் ஆகும் மென்பொருள் எவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், பேண்ட்வித்துக்காக மட்டுமல்ல. சோதனைக் குழுவை அமைக்கும்போது எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்திலேயே வைக்காமல், இருப்பதிலேயே மெதுவான ஒரு கிளையிலிருந்தும் இரண்டு கணினியைச் சேருங்கள். வேகமான இடத்தில் தெரியாத கோளாறெல்லாம் அங்கேதான் தெரியும்.

அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் விண்டோஸ் மட்டும் பிரச்சினையில்லை என்பதும் தெரிந்துவிடும். குரோம் 2021-ல் நாலு வாரத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு விடும் வழக்கத்துக்கு மாறியது, இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு. வீடியோ கூட்ட மென்பொருள், ஆன்டிவைரஸ், பிடிஎஃப் ரீடர் எல்லாம் தனித்தனி வழியில் இழுக்கும். ஆனால் ஃபயர்வால் லாகைப் பார்த்தால் முதலிடத்தில் சில சமயம் இவை எதுவுமே இருக்காது, அலுவலக வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொந்தக் கைபேசிகள்தான் இருக்கும். அவற்றைத் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) போட்டு ஒரு அளவு வைத்துவிடுங்கள். இதற்காகத் திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை. மேக் இருந்தால் மேக்ஓஎஸ் 10.13-லிருந்து கன்டென்ட் கேஷிங் உள்ளேயே வருகிறது, ஒரு டிக் போதும். லினக்ஸில் டெபியன், உபுண்டு என்றால் கிளையில் ஒரு சின்னக் கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற கேஷ் மென்பொருளைப் போட்டு மற்றவற்றில் ஒரு வரி எழுதினால் முடிந்தது, எச்டிடிபிஎஸ் ரெபாசிட்டரிகளுக்கு (பூட்டிய இணைப்பில் வரும் மென்பொருள் களஞ்சியங்களுக்கு) மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஃபெடோராவில் மாறிய பகுதியை மட்டும் இழுக்கும் டெல்டா ஆர்பிஎம்மை நம்பி இருந்தவர்களுக்கு, பதிப்பு 40 முதல் அது கிடையாது.

முழுப் பதிப்பு மாற்றம் போல பல ஜிபி போகவேண்டிய வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவதில் எந்த வெட்கமும் வேண்டாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, போன பிறகு ஹாஷ் சரிபார்த்தால் போதும். நெட்வொர்க் வழியாகத்தான் அனுப்பவேண்டும் என்றால் பகிர்வு ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போடாதீர்கள். ரோபோகாபி என்ற காப்பிக் கட்டளையின் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையோ, வேக வரம்போடு ஆர்சிங்க் கட்டளையோ பயன்படுத்துங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் லிங்க்கில் போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும் என்பதால் அங்கே ஃபோல்டர் பகிர்வு வழியாகக் காப்பி செய்வது நரகம்.

மூன்று நாலு கணினி மட்டும் உள்ள கிளைக்கு இதில் பெரும்பாலானவை தேவையே இல்லை. பகிர்வை சப்நெட்டுக்குள் பூட்டி, பகல் நேரத்துக்கு ஒரு வேக வரம்பு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எல்லாம் செய்த பிறகும் ஏதாவது ஒரு கிளையில் ஒரே ஒரு பிரதி வருவதற்கே ஒரு ராத்திரி போதவில்லை என்றால், அல்லது அப்டேட் எதுவும் ஓடாத நாளிலேயே லிங்க் நிரம்பி வழிகிறது என்றால், அங்கே லிங்க்கைப் பெரிதாக்கத்தான் வேண்டும். கேட்கப் போகும்போது இரண்டு வரைபடம் எடுத்துக்கொண்டு போங்கள், அப்டேட் வாரத்தில் ஒன்று, சாதாரண வாரத்தில் ஒன்று. இரண்டாவதைத்தான் நிதிப் பிரிவு உற்றுப் பார்க்கும்.